ஓட்டில்லாத வீடு

2025 நவம்பரில், வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் என்ற பெயரில் ஒரு சோதனை வந்து சேர்ந்தது. நமது தோழர்கள் சளைத்தார்களா? மயிலையில் பல்லக்குமாநகர்ச் சந்துகளிலும், தியாகராயநகரில் கண்ணம்மாபேட்டைத் தெருக்களிலும், அடையாற்றுக்கு அப்பால் ஊரூர்க்குப்பத்து வாசல்களிலும் படிவமும் கையுமாக ஏறி இறங்கினார்கள். பணிமனையில் பாடுபட்டு வந்த அலுப்போடு, பொழுது சாய்ந்த பிறகும் கதவு தட்டினார்கள். இருபது ஆண்டுக்கு முந்தைய பட்டியலில் அப்பன் பெயர் இருக்கிறதா, பாட்டன் பெயர் இருக்கிறதா என்று தேடித் தேடிக் கண் பூத்தார்கள். பிறந்த மண்ணிலேயே வாழ்கிறவன், 'நான் இந்த ஊர்க்காரன்தான்' என்று காகிதம் காட்டி மெய்ப்பிக்க வேண்டிய நிலை எத்தனை கொடிது என்பதை அந்த நாட்களில் நம்மவர்கள் நன்றாகவே உணர்ந்தார்கள்.

அந்த அலைச்சலில் ஒரு வகை வீடும் எதிர்ப்படுவதுண்டு. "இங்கே எத்தனை ஓட்டு?" என்று கேட்டால், "எங்களுக்கு வோட்டு இல்லைத் தம்பி, நாங்கள் சிலோன் ஆக்கள்" என்று பதில் வரும். தோழர் தலையசைத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். அவர்மீது குற்றமில்லை. அவர் கையிலே வாக்காளர் படிவம். அந்த வீட்டிலோ வாக்காளர் இல்லை. ஆனால் நாம் கேட்கிறோம்: படிவம் இல்லாத நாளில் என்றைக்காவது அந்தப் படியை நாம் மிதித்ததுண்டா? தேர்தல் வந்தால் எட்டு முறை போகிற வீடுகள் இருக்கின்றன. எட்டு ஆண்டாகப் பக்கத்திலே குடியிருந்தும் ஒரு முறைகூட எட்டிப் பார்க்காத வீடு இது ஒன்றுதான். ஓட்டில்லாத வீடு என்பதைத் தவிர வேறு காரணம் ஏதாவது உண்டா?

ஈழத் தமிழ் அகதி என்றதும் நமக்குக் கும்மிடிப்பூண்டி நினைவுக்கு வரும். புழல் காவாங்கரை நினைவுக்கு வரும். மண்டபம் நினைவுக்கு வரும். தென்சென்னையில் முகாம் இல்லை; ஆகவே அகதியும் இல்லை என்று எண்ணிக்கொள்கிறோம். கணக்கு வேறு சொல்கிறது. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு சட்டமன்றத்தில் வெளியிட்ட கணக்கின்படி முகாம்களில் 58,822 பேர். முகாமுக்கு வெளியே, காவல் நிலையத்தில் பதிவு செய்துகொண்டு வாழ்ந்தவர்கள் 34,087 பேர்! இவர்களில் கணிசமானோர் இந்த மாநகரிலே, வளசரவாக்கத்திலும் விருகம்பாக்கத்திலும் கோடம்பாக்கத்திலும் அதை ஒட்டிய தெருக்களிலும் வாடகைக்குக் குடியிருப்பவர்கள். முகாமிலிருந்து விடியற்காலை ரயிலேறி வந்து, அடையாற்று அடுக்குமாடிகளுக்கு வெள்ளையடித்துவிட்டு இருட்டியபின் திரும்பும் பெயிண்டர்களும் உண்டு. நீங்கள் தேநீர் குடிக்கும் அதே கடையில், அதே பெஞ்சில் உட்கார்ந்து குடிக்கிறவர்தான். உடையிலே வண்ணத் திட்டு இருக்கும். பேச்சிலே யாழ்ப்பாணமோ, மன்னாரோ, திருகோணமலையோ, மலையகமோ இருக்கும். சட்டைப் பையிலே மட்டும் ஒன்று இருக்காது: இன்ன நாட்டுக் குடிமகன் என்று சொல்லும் காகிதம்!

நாம் இன்று எழுத வந்தது இந்தக் காகிதத்தைப் பற்றித்தான். அகதிக்குத் தொண்டு செய்வது என்றால் நமக்குத் தெரிந்தது என்ன? தலைவர் பிறந்தநாளில் முகாமுக்கு ஒரு லாரி. ஐந்து கிலோ அரிசிப் பை ஒன்றுக்கு ஆறு கைகள். ஆறு கைகளுக்கும் எதிரே ஒரு காமிரா. வாங்குகிறவர் முகத்தை யாரும் பார்ப்பதில்லை, படத்திலே தம் முகம் விழுந்ததா என்றுதான் பார்க்கிறார்கள். அரிசி வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. பசிக்கு அரிசி வேண்டும், புயலுக்குப் போர்வை வேண்டும். ஆனால் நாற்பது ஆண்டுகளாக அந்த மக்களை வாட்டுவது அரிசிப் பஞ்சத்தைவிடக் காகிதப் பஞ்சம்தான். அந்தப் பஞ்சத்தைத் தீர்க்கும் வித்தை வேறு எவருக்கும் இல்லாத அளவுக்கு நமது வட்டத் தோழர்களுக்குத் தெரியும். தாசில்தார் அலுவலகத்தில் எந்தச் சாளரத்தில் எந்த மனு, பிறப்புச் சான்றில் எழுத்துப்பிழை விழுந்தால் யாரிடம் போவது, காவல் நிலையத்தில் எந்த நேரத்தில் யார் இருப்பார் என்பதெல்லாம் நம்மவர்களுக்கு உள்ளங்கை ரேகை. பட்டம் பெற்ற சமூகசேவகர்களுக்கு இது தெரியாது. நமக்குத் தெரிந்தும் அந்த வீட்டுக்குப் போவதில்லை.

காகிதத்துக்கு இத்தனை வலிமையா என்று ஐயுறுவோருக்கு ஒரு வழக்கைச் சொல்லுவோம். 1986-ல் மண்டபம் முகாமிலே ஒரு பெண் குழந்தை பிறந்தது. அகதியின் குழந்தை அகதியென்றே வளர்ந்தது. திருச்சி கொட்டப்பட்டு முகாமில் வாழ்ந்தது. கடவுச்சீட்டுக் கேட்டபோது, 'நீ இந்தியக் குடிமகள் அல்ல' என்றார்கள். அந்தப் பெண் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனார். இந்தியக் குடியுரிமைச் சட்டப்படி 1987 ஜூலை 1-க்கு முன் இந்த மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன். தாய் தந்தை எந்த நாட்டவர் என்ற கேள்விக்கே அங்கு இடமில்லை. 2022-ல் நீதிமன்றம் அந்தப் பெண்ணுக்குக் கடவுச்சீட்டு வழங்க ஆணையிட்டது. 2024 ஏப்ரலில், நாடாளுமன்றத் தேர்தலில், அவர் வரிசையில் நின்று வாக்களித்தார். முப்பத்தெட்டு வயதில் முதல் ஓட்டு!

தோழர்களே, இதில் கவனிக்க வேண்டியது எது? வழக்கறிஞரின் வாதத்திறமையா? நீதிபதியின் நெஞ்சமா? இரண்டும் இருக்கட்டும். மண்டபத்திலே பிறந்ததற்குச் சான்று இருந்ததே, அதைத்தான் நாம் கவனிக்கச் சொல்கிறோம். ஓடிவந்த மக்கள் கும்பலாகக் குவிந்துகிடந்த அந்த நாளில், யாரோ ஒரு எழுத்தர் ஒரு பிறப்பைப் பதிவேட்டிலே குறித்துவைத்தார். யாரோ ஒரு தாய் அந்தத் தாளைப் பெட்டியடியிலே காப்பாற்றி வைத்தார். அது இல்லையென்றால் வாதமும் இல்லை, தீர்ப்பும் இல்லை. 1983 ஜூலைக்கும் 1987 ஜூன் முடிவுக்கும் இடையே இங்கே பிறந்த குழந்தைகள் இன்னும் எத்தனை பேர்? நாற்பதைத் தொட்டும் தாண்டியும் இருக்கும் அவர்களில் எத்தனை பேர், தாம் குடிமக்கள் என்பதை அறியாமலே அகதி அட்டையோடு திரிகிறார்கள்?

அந்தத் தேதிக்குப் பின்னர் பிறந்தவர்களின் கதை கொடுமை. 1987 ஜூலைக்குப் பிறகு பிறந்தால், தாய் தந்தையரில் ஒருவராவது இந்தியராக இருக்கவேண்டும். 2003-ல் கொண்டுவந்து 2004 டிசம்பர் 3-ல் நடைமுறைக்கு வந்த திருத்தம் அதையும் இறுக்கிவிட்டது: ஒருவர் இந்தியராக இருந்தாலும் மற்றவர் 'சட்டவிரோதக் குடியேறி'யாக இருக்கக்கூடாதாம்! குண்டுக்கு அஞ்சிக் கள்ளத்தோணியிலே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்தவன், கடவுச்சீட்டிலே முத்திரை வாங்கிக்கொண்டா ஓடிவருவான்? ஆகவே அவன் சட்டவிரோதி. அவனை நம் தெருப் பெண் மணந்துகொண்டாலும், பிறக்கும் குழந்தை பிறப்பால் இந்தியனாகாது. அந்தக் குழந்தை நம் பள்ளியிலே படிக்கும், நம் மொழியிலே பேசும், பொறியியல் பட்டம்கூடப் பெறும். பிறகு? அரசு வேலைக்கு மனுப்போட முடியாது. பட்டதாரி கையிலே மீண்டும் பெயிண்ட் வாளி!

2021 ஆகஸ்டில் மு.க.ஸ்டாலின் அரசு 317 கோடி ரூபாய்த் திட்டத்தை அறிவித்தது. பழுதடைந்த 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டித்தரவும், உதவித்தொகையை உயர்த்தவும் முடிவு செய்தது. 'அகதிகள் முகாம்' என்ற பெயரையே நீக்கி 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று சூட்டியது. அதை நாம் வரவேற்றோம், இன்றும் வரவேற்கிறோம். ஆனால் மாநிலம் சூட்டிய பெயர் பலகையில்தான் இருக்கிறது. மத்திய சட்டம் சூட்டிய 'சட்டவிரோதக் குடியேறி' என்ற பெயர் ஆவணத்தில் இருக்கிறது. 2019-ல் குடியுரிமைத் திருத்தச் சட்டம் கொண்டுவந்தார்கள். பாகிஸ்தானிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் ஆப்கானிஸ்தானிலிருந்தும் வந்த, முஸ்லிம் அல்லாதாருக்கு வாசலைத் திறந்தார்கள். இலங்கைத் தமிழன் அந்தப் பட்டியலில் இல்லை. இந்துவாக இருந்தும் இல்லை, கிறித்தவனாக இருந்தும் இல்லை! அந்தச் சட்டத்தை ரத்து செய்யக்கோரி 2021 செப்டம்பர் 8-ல் தமிழகச் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 செப்டம்பரில் மத்திய அரசு ஒரு விலக்கு ஆணை வெளியிட்டது: 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்கு, கடவுச்சீட்டும் விசாவும் இல்லை என்பதற்காகத் தண்டனை கிடையாது என்று. நல்லது. தண்டனை இல்லை என்பதும் உரிமை உண்டு என்பதும் ஒன்றாகுமா?

சட்டத்தை மாற்றுவது நாடாளுமன்றத்தின் வேலை. அதற்குக் குரல் கொடுப்பது கட்சியின் வேலை. இருக்கிற சட்டத்துக்குள்ளேயே ஒருவனுக்கு உரியதை வாங்கித் தருவதற்குத் தெருவிலே ஆள் வேண்டும். தொண்டன் வேண்டும்.

உலகிலே இந்தத் தொண்டுக்கு வழிகாட்டியவர் ஒருவர் உண்டு. நான்சென் என்று பெயர், நார்வே நாட்டவர், பனிக்கடலைக் கடந்து பெயர்பெற்றவர். முதல் உலகப்போருக்குப் பின் லட்சக்கணக்கான ருஷ்ய அகதிகள் எந்த நாட்டுக் காகிதமும் இன்றி ஐரோப்பாவில் தவித்தபோது, அவர் கஞ்சித்தொட்டியோடு நின்றுவிடவில்லை. 1922-ல் அவர்களுக்கென ஒரு பயணச் சீட்டை உருவாக்கி, அரசாங்கங்களை ஏற்கச் செய்தார். 'நான்சென் கடவுச்சீட்டு' என்றே அதற்குப் பெயராயிற்று. அந்த ஆண்டின் நோபல் சமாதானப் பரிசும் அவருக்கே கிடைத்தது. இந்தியாவோ 1951-ம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் இன்றுவரை கையெழுத்திடவில்லை. அகதிக்கென்று இங்கே தனிச் சட்டமும் இல்லை. எல்லாமே ஆணை, சுற்றறிக்கை, அதிகாரியின் மனப்போக்கு.

நார்வேக்காரரை விடுங்கள். நமது மயிலைத் தோழர்கள் நாள்தோறும் நடக்கும் சாலை ஒன்று, டாக்டர் நடேசன் சாலை. யார் அந்த நடேசன்? 1916-ல் திருவல்லிக்கேணியில் 'திராவிடர் இல்லம்' என்று ஒரு விடுதி நடத்தியவர். வெளியூரிலிருந்து படிக்க வந்த பார்ப்பனரல்லாத பிள்ளைகளுக்கு இந்த நகரத்தில் தங்க இடமில்லை. சாதி கேட்டுக் கதவைச் சாத்தினார்கள். மேடையிலே அதைக் கண்டித்ததோடு டாக்டர் நடேசனார் ஓய்ந்தாரா? ஒரு வீட்டைப் பிடித்தார், பிள்ளைகளைத் தங்கவைத்தார். தியாகராயர் பெயரால் ஒரு நகரும், பனகல் அரசர் பெயரால் ஒரு பூங்காவும் பிற்பாடு வந்தன. இயக்கத்தின் ஆரம்பமோ ஒரு தங்குமிடத்தில் இருந்தது. இன்று அதே தியாகராயநகரில் 'சிலோன்காரருக்கு வீடு இல்லை' என்று சொல்கிற வீட்டுக்காரர் இருக்கிறார். ஆதார் இருக்கிறதா என்பார். இருக்கிறது என்றால் பாஸ்போர்ட் இருக்கிறதா என்பார். கடைசியில், 'போலீஸ் தொல்லை வரும்' என்பார். அவருக்குப் பக்கத்திலே நமது கிளைச் செயலாளர் போய் நின்று, 'காவல் நிலையத்தில் பதிவு இருக்கிறது, இதோ தாள், நான் பொறுப்பு' என்று சொன்னால் அந்தக் கதவு திறக்காதா?

1983-ஐ நினைத்துப் பாருங்கள். ஜூலைப் படுகொலைச் செய்தி வந்தபோது சென்னை பொங்கியது. கடையடைப்பு, ஊர்வலம், உண்டியல். கலைஞரும் பேராசிரியரும் சட்டமன்றப் பதவியையே துறந்தார்கள். மாநகரமே ஈழத்தவனுக்கு உறவு என்று முழங்கியது. 1991 மே 21-ல் திருப்பெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டதும் அதே மாநகரம் முகம் திருப்பிக்கொண்டது. பாதகம் செய்தவர்கள் சிலர். பழி சுமந்தவர்கள் லட்சம் பேர். பிள்ளைகளின் உயர்படிப்பு இடங்கள் நிறுத்தப்பட்டன. தொண்டு நிறுவனங்கள் முகாமுக்குள் போகத் தடை வந்தது. 1992-லிருந்து 1995-க்குள் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் திருப்பி அனுப்பப்பட்டனர். அவர்கள் விரும்பித்தான் போகிறார்களா என்று கேட்டறிய ஐ.நா. அகதிகள் ஆணையம் 1992-ல் சென்னையில் அலுவலகம் திறக்க வேண்டியதாயிற்று. உணர்ச்சி கொதித்த நாளில் கூட நின்றவர்கள் ஆயிரம் ஆயிரம். கொதிப்பு அடங்கி, அச்சம் சூழ்ந்த நாளில் கூட நின்றவர்களை விரல்விட்டு எண்ணலாம்.

அப்படி நின்ற அமைப்பு ஒன்று இதே சென்னையில் பிறந்தது. ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் என்பது அதன் பெயர். ஆங்கிலச் சுருக்கத்தில் 'ஓஃபர்' என்பார்கள். 1984-ல் அதைத் தொடங்கியவர் எஸ்.சி.சந்திரகாசன், தந்தை செல்வா என்று ஈழம் போற்றும் எஸ்.ஜே.வி.செல்வநாயகத்தின் மகன். தந்தையின் கதையை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1948-ல் இலங்கை அரசு மலையகத் தோட்டத் தொழிலாளரின் குடியுரிமையைப் பறித்தது. அதைத் தொடர்ந்து வாக்குரிமையும் போயிற்று. அவர்கள் செல்வநாயகத்தின் தொகுதிக்காரர்களா? இல்லை. அவருக்கு ஓட்டுப் போட்டவர்களா? இல்லை. இருந்தும் அந்தச் சட்டத்தை எதிர்த்துத் தம் கட்சியையே விட்டு வெளியேறி, 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சி கண்டார். 1952 தேர்தலில் காங்கேசன்துறையில் தோற்றார். 1956-ல் மீண்டும் வென்றார். ஓட்டில்லாதவனுக்காகப் பேசியவருக்கு ஓட்டு வந்து சேர நான்காண்டு பிடித்தது, அவ்வளவுதான்!

மகனோ அகதியாக வந்து அகதிகளையே தொண்டர்களாக்கினார். 1985 ஆகஸ்டில் அவரையே நாடு கடத்த இந்திய அரசு உத்தரவிட்டது, தமிழகம் கொதித்தெழுந்தது, உத்தரவு பின்னர் கைவிடப்பட்டது. அந்த அமைப்பின் இளைஞர்கள் முகாம் முகாமாகச் செய்த வேலைகளில் நமக்கு மிகப் பெரிதாகத் தோன்றுவது, இங்கே பிறந்த குழந்தைகளுக்குப் பிறப்புச் சான்று எடுத்து, அதை இலங்கைத் துணைத் தூதரகத்தில் பதியவைத்து, அந்த நாட்டுக் குடியுரிமைச் சான்றைப் பெற்றுத் தந்ததுதான். ஊர் திரும்ப நினைப்பவனுக்கு அந்தத் தாள் இல்லையேல் ஊரும் இல்லை. 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை அடித்தபோது, அந்த அகதி இளைஞர்கள் நாகைக் கரைக்குப் போய் நம் மீனவக் குடும்பங்களுக்கு ஆறுதலாக நின்றதும் உண்டு. அவர்களுக்கு நாம் என்ன செய்தோம் என்று மட்டும் பேசுகிறவர்கள் இதையும் கொஞ்சம் நினைவில் வைக்கட்டும்.

இனி, வேலை என்ன என்று தோழர்கள் கேட்பார்கள். அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை எடுத்துக்கொள்வோம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-ல் எழுந்த அந்த நிலையத்துக்குத் தமிழ்நாட்டின் மூலைமுடுக்கிலிருந்தெல்லாம் ஏழை நோயாளி வருகிறான். முகாமிலிருந்து ஒருவர் வந்தால் அவருக்கு நோய் மட்டுமா பாரம்? வெளியே தங்குவதற்கு இசைவு வாங்கி வரவேண்டும். உதவித்தொகை நாளில் முகாமில் ஆள் இல்லையென்றால் பெயர் அடிபடுமே என்று அஞ்சவேண்டும். உடன் வந்தவருக்குப் படுக்க இடம் தேடவேண்டும். பெசன்ட் நகரிலும் இந்திரா நகரிலும் இருக்கும் நமது தோழர் ஒருவர் வாரத்துக்கு ஒரு காலைப் பொழுது அங்கே போய், மருத்துவர் தந்த சீட்டை நகல் எடுத்து, வருவாய் ஆய்வாளருக்கு ஒரு கடிதம் எழுதித் தந்தால் போதும். பணச்செலவு சில ரூபாய்!

தொழிற்சங்கத் தோழர்களுக்கு வேறொன்று. 'சிலோன்காரன் குறைந்த கூலிக்கு வருகிறான், நம் பிழைப்பு கெடுகிறது' என்று பெயிண்டர்களிடையே ஒரு முணுமுணுப்பு உண்டு. அவன் விரும்பியா குறைந்த கூலிக்கு வருகிறான்? கூலி பாக்கி வைத்தால் அவன் காவல் நிலையத்துக்குப் போகமாட்டான் என்று மேஸ்திரிக்குத் தெரியும். புகார் கொடுக்கப் போனவன் மீதே விசாரணை திரும்புமோ என்று அவனுக்கு அச்சம். அந்த அச்சத்தில்தான் கூலி குறைகிறது. அதே அச்சத்தால் உங்கள் கூலியும் குறைகிறது! பாக்கிக்காக அவனோடு நான்கு உள்ளூர்க்காரர்கள் மேஸ்திரி வீட்டு வாசலில் போய் நின்றால், அடுத்த வாரம் இருவருக்கும் ஒரே கூலி.

செய்யக்கூடாதவையும் உண்டு. அவரை மேடையேற்றாதீர்கள். நமது கூட்டத்தில் இரண்டு நிமிடம் உருக்கமாகப் பேசினால் நமக்குக் கைதட்டல். மறுநாள் உளவுப்பிரிவுக்காரர் அவர் வீட்டு வாசலில். அவர் அட்டையைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் சுற்றவிடாதீர்கள். ஊரிலே அவருக்கு இன்னும் உறவுகள் இருக்கும். 'எப்படி வந்தாய், யார் செத்தார்' என்று முதல் நாளே குடையாதீர்கள். சொல்லத் தோன்றினால் அவரே சொல்லுவார்.

தமிழன் என்பதால்தானே உதவுகிறோம் என்று ஒரு கேள்வி எழலாம். அடையாற்றிலிருந்து பழைய மாமல்லபுரம் சாலையில் தெற்கே போனால் கேளம்பாக்கம். புயல் காப்பகமாகக் கட்டிய ஒரு கட்டடத்தில் 2012 முதல் மியான்மரின் ரோகிங்கியா முஸ்லிம் குடும்பங்கள் சில தங்கவைக்கப்பட்டன. நூறு பேர்கூட இல்லை. ஆண்கள் பழைய இரும்பும் பிளாஸ்டிக்கும் பொறுக்கிப் பிழைத்தார்கள். பிள்ளைகள் உள்ளூர்ப் பள்ளியில் தமிழ் எழுத்துக் கற்றார்கள். இவர்களுக்குத் துணைநின்ற தென்சென்னை இளைஞர்கள் சிலர், கட்சி எதுவும் சாராதவர்கள். பர்மாவிலிருந்து 1942-ல் நடந்தே வந்தவர்களும், 1960-களில் அனைத்தையும் பறிகொடுத்துக் கப்பலேறி வந்தவர்களும் நம்மவர்களே. பர்மா பஜாரில் பேரம் பேசும்போது அது நினைவுக்கு வருவதில்லை.

2022 மார்ச்சில் இலங்கையின் பொருளாதாரம் கவிழ்ந்தபோது தனுஷ்கோடி மணல்திட்டில் மீண்டும் குடும்பங்கள் வந்து இறங்கின. அன்று கைக்குழந்தையாக வந்தவர்களுக்கு இப்போது பள்ளியில் சேரும் பருவம். சேர்க்கையிலே முதலில் கேட்பது பிறப்புச் சான்று. 1983-ல் வந்தவருக்குப் பேரன் பேத்தி எடுத்தாயிற்று. அவருக்கோ பிறப்புச் சான்றே இருக்காது, யாழ்ப்பாணத்திலே வீட்டோடு எரிந்திருக்கும்.

வட்டக் கிளைகள் அடுத்த கூட்டத்தில் ஒரு நோட்டைத் திறக்கட்டும். தம் எல்லையில் ஓட்டில்லாத வீடு எத்தனை, அதில் 1987 ஜூலைக்கு முன் இங்கே பிறந்தவர் எவர், அவர் பிறந்த மருத்துவமனை எது என்று குறிக்கட்டும். வீட்டாரின் சம்மதத்தோடு மட்டும் குறிக்கட்டும், நோட்டு செயலாளரின் பெட்டியிலேயே இருக்கட்டும். பழைய பிறப்புப் பதிவேடுகள் அந்தந்த ஊர் நகராட்சியிலும் வட்டாட்சியர் அலுவலகத்திலும் தேடவேண்டியவை. ராமநாதபுரம் தோழர்களுக்கு ஒரு கடிதம் எழுதினால் மண்டபத்துப் பதிவேட்டை அவர்கள் பார்த்துச் சொல்லுவார்கள். மறுவாழ்வுத் துறை ஆணையர் அலுவலகம் சேப்பாக்கம் எழிலகத்தில் இருக்கிறது. மயிலை லஸ் முனையிலிருந்து பேருந்தேறினால் அதிகத் தொலைவில்லை. மனுவுக்கு இரண்டு நகல் எடுத்துப் போகவேண்டும், ஒன்றில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொண்டு வரவேண்டும்.